பித்தளைக் கருவியை மீண்டும் கையில் எடுப்போருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளமையில் ட்ரம்பெட், டிராம்போன், யூஃபோனியம், டியூபா என ஏதேனும் ஒரு பித்தளை ஊதுகருவியை வாசித்துவிட்டு, வேலையும் குடும்பமும் இழுத்துக்கொண்டதால் இருபது முப்பது ஆண்டுகள் விலகியிருந்தவர்கள், திரும்ப வரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். ட்ரம்பெட்டையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். மற்றக் கருவிகள் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறித்துள்ளேன்.

முப்பது வருடமாகத் தொடவே இல்லை. இனிமேல் வருமா, இல்லை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வரும்; ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் வராது. விரல் வைப்பு, நோட்டு படித்தல், அடுத்த சுரம் எங்கே இருக்கிறது என்று காது முன்கூட்டியே அறிவது ஆகியவை சில நாட்களிலேயே திரும்பத் தொடங்கிவிடும். வாயைச் சுற்றியுள்ள தசைகளின் வலு அப்படித் திரும்புவதில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். உதடுகளைச் சுற்றி அமைந்த ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ் என்னும் தசையும், வாயின் ஓரங்களில் அதனோடு வந்து சேரும் சிறு தசைகளும் பேசுவதற்கும் உண்பதற்கும் அன்றாடம் பயன்படுகின்றன என்றாலும், உதட்டில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸின் விளிம்புக்குள் காற்றழுத்தத்தை எதிர்த்து நின்று அதிரும் வேலை அவற்றுக்கு வேறு எங்கும் கிடைப்பதில்லை.

திரும்ப வருபவரின் தனிச் சிக்கலே இந்த வேக வேறுபாடுதான். புதிதாகக் கற்பவருக்கு அறிவும் உதட்டின் வலுவும் சேர்ந்தே வளர்கின்றன. தெரியாத பாடலை அவர் வாசிக்க முயல மாட்டார். உங்களுக்கோ பாடல் முழுவதும் தெரியும், விரல்களும் ஓடுகின்றன, அதை முடிக்கும் வலு மட்டும் உதட்டில் இல்லை. நினைவு இழுக்கும் இடத்துக்கெல்லாம் உதட்டை இழுத்துச் செல்வதால்தான் பெரும்பாலான காயங்களும் சலிப்பும் உண்டாகின்றன. கீழே வரும் பல விடைகள் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

எனக்கு அறுபத்தைந்து வயது. இந்த வயதில் உதடு பழகுமா?

பழகும். 1905இல் பிறந்த ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டாக் சீத்தம், 1997இல் தமது 91ஆம் வயதில் இறக்கும் காலம்வரை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் உங்களைப்போல் நடுவே நீண்ட காலம் விலகியிருந்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; ஆகவே இடைவெளியைப் பற்றி அவர் வாழ்க்கை எதையும் சொல்லிவிடாது. ஆனால் வயது ஒன்றே உதட்டை நிறுத்திவிடாது என்பதற்கு அது போதும். வயதானவர்களுக்கு உண்மையில் மாறுவது ஓய்வின் அளவு: களைத்த தசை மீள்வதற்கு இளமையில் ஓர் இரவு போதுமாக இருந்தது, இப்போது இரண்டு நாள் ஆகலாம்.

பழைய ட்ரம்பெட் பெட்டியிலேயே கிடக்கிறது. அதையே ஊதலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் அதையே ஊதலாம். முதலில் விரலால் அழுத்தும் வால்வுகளைப் பாருங்கள். எண்ணெய் காய்ந்து, அவற்றுக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றை வலிந்து அழுத்தாமல், மேல் மூடியைக் கழற்றி வால்வு எண்ணெயைச் சில துளிகள் விட்டுக் காத்திருங்கள். வெளியே எடுத்தபின் ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதனதன் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். மாற்றி வைத்தாலோ, திசை தவறினாலோ காற்றே போகாது. கருவி கெட்டுவிட்டது என்று பதறிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகப்படும் ட்ரம்பெட்டுகளில் சிலவற்றுக்கு இதுவே முழு நோய்.

அடுத்து, காற்றுக் கசிவு. முதல் வால்வை அழுத்தாமலே அதனோடு இணைந்த நகரும் குழாயான ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்து, சில நொடிகள் பொறுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று ஒலி வந்தால் அந்த வால்வும் ஸ்லைடும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று பொருள். ஒலியே வராவிட்டால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் போதாமல் இருக்கலாம். எண்ணெய் விட்டு மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனை தவிர மற்ற நேரங்களில் ஸ்லைடை இழுக்கும்போது அதற்குரிய வால்வை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். எச்சில் நீரை வெளியேற்றும் சாவியின் தக்கையும், வால்வுகளின் அடியிலோ மேலோ இருக்கும் கம்பளி வட்டுகளும் இத்தனை ஆண்டில் சுருங்கியிருக்கும். அவற்றை மாற்றுவது சிறு வேலை.

அஞ்ச வேண்டியது ஒன்றுதான். சாதாரணப் பித்தளையில் ஏறக்குறைய 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. நீண்ட காலம் உள்ளே ஈரம் தங்கினால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் சல்லடைபோல் எஞ்சும். மவுத்பீஸ் செருகும் குழாயில் இளஞ்சிவப்பு வட்டங்களும் அவற்றின் நடுவே கருஞ்சிவப்புப் பொட்டும் தென்பட்டால் இந்த அரிப்பு உள்ளிருந்து வெளிவரை வந்துவிட்டது. துடைத்தோ மெருகேற்றியோ அதைப் போக்க முடியாது. அப்போதும் அந்தக் குழாயை மட்டும் மாற்ற முடியும் என்பதால், கருவியையே கைவிடுமுன் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். டிராம்போன் என்றால் ஸ்லைடு நேராக இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. பிரெஞ்சு ஹார்னின் சுழல் வால்வுகளை நீங்களாகக் கழற்றவே வேண்டாம்.

மவுத்பீஸ் சிக்கிக்கொண்டது. குறடு வைத்துத் திருகலாமா?

கூடாது. மவுத்பீஸ் வராமல் குழாய் முறுகிப்போவதற்கே வாய்ப்பு மிகுதி. இதற்கென்றே திருகி இழுக்கும் ஒரு சிறு கருவி பழுதுபார்ப்பவர்கள் எல்லாரிடமும் இருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

குழாய்க்குள் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. கழுவினால் போதுமா?

கழுவினால் போதும், ஆனால் கழுவாமல் ஊத வேண்டாம். வால்வுகளையும் ஸ்லைடுகளையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரச் சோப்புக் கலந்து, வளையும் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு குழாயையும் தேய்த்து, நல்ல நீரில் அலசி, முழுக்க உலரவிடுங்கள். கொதிநீர் லாக்கர் பூச்சை உரித்துவிடும். பிஸ்டன்களைத் தனியே துடையுங்கள். அவற்றின் கம்பளி வட்டுகள் நனையக் கூடாது. உலர்ந்தபின் ஸ்லைடுகளுக்குக் கிரீஸும் வால்வுகளுக்கு எண்ணெயும் இட்டுப் பூட்டலாம்.

இது வெறும் தூய்மை விருப்பம் அன்று. கருவிக்குள் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் வளர்கின்றன. மூச்சை இழுக்கும்போது அவற்றில் கொஞ்சம் நுரையீரலுக்கும் போகலாம். பல ஆண்டுகளாக இருமலால் அவதிப்பட்ட ஒரு டிராம்போன் கலைஞருக்கு, கருவிக்குள் வளர்ந்தவற்றால் ஏற்பட்ட ஒவ்வாமை நுரையீரல் அழற்சியே காரணம் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2010இல் பதிவு செய்திருக்கிறார்கள். கருவியை ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் அவர் தேறினார். மூக்கால் மூச்சை இழுப்பதோ, மவுத்பீஸை உதட்டிலிருந்து சற்று விலக்கி இழுப்பதோ நல்ல பழக்கம்.

முதல் நாள் எதை ஊதுவது? எவ்வளவு நேரம் ஊதலாம்?

பத்து நிமிடம் போதும்; முடிந்தால் காலையில் ஒரு பத்து, மாலையில் ஒரு பத்து. ஊதிய நேரத்துக்குச் சமமான ஓய்வு இடையிலேயே இருக்க வேண்டும்: ஒரு நீள் சுரம், அதே அளவு மௌனம். ட்ரம்பெட்டில் ஐந்து கோட்டின் இரண்டாம் கோட்டில் வரும் G சுரத்தில், மெல்லிய ஒலியில், சீரான காற்றில் தொடங்கி, அதிலிருந்து அரைச்சுரமாக அடுத்த C வரை இறங்குங்கள். முதல் வாரம் முழுவதும் அந்தப் பகுதியைத் தாண்டவே வேண்டாம் என்று சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் நான் அதையே சொல்வேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து, வால்வை மாற்றாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டும் C, G என்று வழுக்கி ஏறி இறங்கும் பயிற்சியைச் சேருங்கள். பித்தளைக் கருவியின் மூலமே இதுதான்: ஒரே குழாய் நீளத்தில் இயல்பாக எழும் ஹார்மோனிக் வரிசையின் சுரங்களுக்கிடையே நகர்வது. ஏழு வால்வுச் சேர்க்கைகளிலும், டிராம்போனில் ஏழு ஸ்லைடு நிலைகளிலும் இதைச் செய்தால் உதடு வளரும் வேகத்தைக் கண்கூடாகக் காணலாம். மவுத்பீஸை மட்டும் வைத்து உதட்டை அதிரச் செய்யும் பயிற்சியை நாளுக்கு ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீட்டாதீர்கள். கருவி தரும் எதிரழுத்தம் அதில் இல்லாததால் வலுவற்ற உதடு தேவையில்லாமல் இறுகிவிடும்.

முக்கியமான விதி, களைப்பு வருமுன் நிறுத்துவது. ‘இன்னும் கொஞ்சம் வாசிக்கலாம்போல் இருக்கிறதே’ என்று தோன்றும் நேரம்தான் கருவியைப் பெட்டியில் வைக்க வேண்டிய நேரம்.

ஐந்து நிமிடத்திலேயே உதடு நடுங்குகிறது, மறுநாள் வீங்கினாற்போல் இருக்கிறது. இது சாதாரணமா?

நடுக்கமும் வாயோரக் களைப்பும் சாதாரணம். பயன்படாத தசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மறுநாள் லேசான விறைப்பு இருந்தால் அன்று மிகக் குறைவாக, கீழ்ச்சுரங்களில் மட்டும் வாசிக்கலாம். மவுத்பீஸின் வட்டத் தடம் உதட்டில் சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் கவலையில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் ஆழமாகத் தெரிந்தால் நீங்கள் கருவியை உதட்டில் அழுத்துகிறீர்கள். வலுவில்லாத தசைக்குப் பதிலாக வலக்கைச் சுண்டுவிரல் கொக்கியை இழுத்து மவுத்பீஸைப் பல்லோடு நெருக்குவதே வழக்கமான காரணம். அந்த விரலைக் கொக்கியிலிருந்து எடுத்து மேலே வைத்து வாசித்துப் பாருங்கள். எத்தனை சுரங்கள் அப்போது காணாமல் போகின்றனவோ, அத்தனையும் அழுத்தத்தால் வந்தவை.

கூர்மையான வலி, உணர்வின்மை, ஓரிடத்தில் மட்டும் தொட்டால் பள்ளம்போல் படுவது, ஓய்வுக்குப் பின்னும் ஒலி சேராமல் காற்றாகக் கசிவது ஆகியவை சாதாரணம் அல்ல. ஆர்பிகுலாரிஸ் தசை கிழிந்துபோகும் நிலை ஒன்று உண்டு. உதட்டுக் காயங்களால் 1930களின் நடுவில் சில காலம் ட்ரம்பெட்டைக் கீழே வைக்க நேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரால் மருத்துவர்கள் அதை ‘சாச்மோ நோய்க்குறி’ என்று அழைக்கிறார்கள். இத்தகைய அறிகுறிகள் இருந்தால் ஊதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஊதிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

அந்தக் காலத்தில் மேல் C அநாயாசமாக வரும். இப்போது G-க்கு மேலே ஒன்றும் வரவில்லை. என்ன பயிற்சி செய்வது?

தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே என் விடை, குறைந்தது முதல் மூன்று மாதங்களுக்கு. மேல்ஸ்தாயி என்பது நடுஸ்தாயி உறுதிப்பட்டபின் அதன் மீது தானாக வந்து அமர்வது. உயர்ந்த சுரத்துக்கு வேண்டியது வேகமாக அதிரும் சிறிய உதட்டுத் திறப்பும், அதன் வழியே அழுத்தமாகச் செல்லும் காற்றும். தசை அந்தத் திறப்பைப் பிடித்து வைக்க முடியாதபோது, மேலே சொன்ன கை அழுத்தம் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்த வழியில் கிடைக்கும் மேல் C, உதட்டின் குருதியோட்டத்தைத் தடுத்துக் கிடைப்பது. அது நாளைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது.

வாரத்துக்கு ஓர் அரைச்சுரம் என்ற அளவில், மெல்லிய ஒலியில் வழுக்கிச் சென்று தொட முடிகிற சுரங்களை மட்டும் உங்களுடையவை என்று கொள்ளுங்கள். உரக்க ஊதினால் மட்டும் வரும் சுரம் இன்னும் உங்களிடம் வரவில்லை.

மூச்சு போதவில்லை. வயதானதால் நுரையீரல் சுருங்கிவிட்டதா?

வயதோடு நுரையீரலின் கொள்ளளவு ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் ட்ரம்பெட் வாசிப்பவருக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்று குறைவதால் அன்று, மிஞ்சுவதால். சிறிய மவுத்பீஸ் வழியே வெளியேறும் காற்று குறைவு. பழைய காற்று உள்ளே தங்கிவிட, அதன் மேலேயே புதுக்காற்றை இழுத்து அடைக்கிறோம். சொற்றொடர் முடிந்ததும் எஞ்சிய காற்றை வெளியே விட்டுவிட்டு, பிறகு இழுத்துப் பாருங்கள். டியூபா வாசிப்பவரின் நிலை நேரெதிர்: ஏறக்குறைய 5.5 மீட்டர் குழாயும் அகன்ற மவுத்பீஸும் காற்றைத் தாராளமாகக் குடிக்கும். அவர்கள் மூச்செடுக்கும் இடங்களைக் கூட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓய்வாக இருக்கும்போதும் மூச்சிரைத்தால் அது இசைக்கான கேள்வியே அன்று.

என் பழைய ஆசிரியர் உதட்டைச் சிரிப்பதுபோல் இழுத்து வைக்கவும், வயிற்றை இறுக்கவும் சொல்வார். அதையே தொடரலாமா?

வேண்டாம். சிரிப்பதுபோல் உதட்டை இழுத்தால் அது மெலிந்து, மவுத்பீஸுக்கும் பல்லுக்கும் இடையே மெத்தைபோல் நிற்கும் சதை போய்விடும். ஒலி மெலியும், களைப்பு விரைவில் வரும். வாயோரங்கள் உறுதியாக, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நடுப்பகுதி தளர்வாக இருக்க வேண்டும். தாடை மேலே குவியாமல் தட்டையாக இருக்க வேண்டும். வயிற்றை இறுக்குவதும் அப்படியே: காற்றை வெளியே தள்ளும் தசையும் அதைத் தடுக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இழுக்கும்போது வயிறு தளரட்டும். ஊதும்போது தேவையான அளவு அது தானே வேலை செய்யும்.

நீண்ட இடைவெளியில் கிடைக்கும் ஒரே நன்மை இங்கேதான் இருக்கிறது. நாள்தோறும் வாசிப்பவருக்குப் பழைய பிழையை விடுவது மிகக் கடினம். உங்கள் உதட்டிலோ அந்தப் பழக்கம் பாதி கரைந்திருக்கிறது. முதல் மாதத்தில் ஒரு கண்ணாடியின் முன் வாசியுங்கள். இயன்றால் ஓர் ஆசிரியரிடம் மூன்று நான்கு வகுப்புகளாவது போங்கள்.

மவுத்பீஸை மாற்றினால் மேல்சுரம் வருமா?

ஆழம் குறைந்த மவுத்பீஸ் மேல்ஸ்தாயிக்கு ஓரளவு உதவும். வலு இல்லாத இடத்தில் வலுவைத் தராது. முதல் ஆறு மாதம் பழைய மவுத்பீஸிலேயே இருங்கள். விளிம்பில் வெள்ளிப் பூச்சு உரிந்து பித்தளை தெரிந்தாலோ, உதட்டில் அரிப்பு வந்தாலோ மட்டும் உடனே மாற்றுங்கள். உலோகம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தங்கப் பூச்சிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. மாற்றும்போது எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: பாக் நிறுவனத்தின் அளவுமுறையில் எண் குறையக் குறைய உள்வட்டம் பெரிதாகும், யமஹாவின் முறையில் எண் கூடக் கூடப் பெரிதாகும்.

முன்பற்களில் இரண்டு இப்போது செயற்கைப் பற்கள். ஊத முடியுமா?

நிலையாகப் பொருத்திய பற்கள் என்றால் பெரும்பாலும் முடியும்; உறுதிப்பட எத்தனை நாள் என்று பல் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கழற்றி மாட்டும் பல்தொகுதி கடினம், ஆனால் முடியாததன்று. 1966இல் தாக்கப்பட்டு, அதன் தொடர்ச்சியாகப் பற்களை இழந்த ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர், செயற்கைப் பற்களோடு வாசிப்பை முதலிலிருந்து கற்று, 1970களில் மீண்டும் மேடைக்கு வந்தார். முன்பல்லின் கோணமோ நீளமோ சற்று மாறினாலும் மவுத்பீஸ் அமரும் இடம் மாறும் என்பதால், பல் வேலை எதுவும் செய்துகொள்ளும் முன் உங்கள் பற்களின் அச்சை எடுத்துப் பாதுகாக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். பிற்காலத்தில் பழைய வடிவத்தைத் திரும்ப அமைக்க அது ஒன்றே வழி.

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. கண்ணில் அழுத்தம் என்றும் சொன்னார்கள். ஊதினால் ஆபத்தா?

உயர்ந்த சுரங்களை உரத்து ஊதும்போது மார்பிலும் தலையிலும் அழுத்தம் ஏறுகிறது. கண்ணின் உள்ளழுத்தமும் அந்நேரம் தற்காலிகமாக உயர்கிறது. ஆகவே குளுக்கோமா, விழித்திரைச் சிக்கல், குடலிறக்கம், அண்மையில் செய்த அறுவை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும், தொடங்கும் முன் மருத்துவரிடம் ‘ட்ரம்பெட் வாசிக்கப் போகிறேன்’ என்று குறிப்பிட்டே கேளுங்கள். ‘இசைப் பயிற்சி’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். நெடுங்குழாயும் பெரிய மவுத்பீஸும் உள்ள கருவிகளில் இந்த அழுத்தம் குறைவு.

மருந்துகளையும் கவனியுங்கள். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகளில் பல வாயை உலரச் செய்யும். உலர்ந்த உதடு சரியாக அதிராது. உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாமா என்று கேட்கலாம்; நீங்களாக நிறுத்தக் கூடாது. காதுக்கருவி அணிபவர்களுக்குச் சொந்தக் கருவியின் ஒலி உடைந்து கேட்கக்கூடும். பேச்சுக்கான அமைப்போடு இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துத் தரும்படி கேட்பியல் வல்லுநரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் தொந்தரவாக இருக்கிறது. மியூட் போட்டே பழகலாமா?

பாதி நேரம் போடலாம். பயிற்சிக்கான மியூட் ஒலியை வெகுவாக அடக்கும். ஆனால் காற்றுக்குக் கூடுதல் தடையைத் தந்து, சுருதியைப் பெரும்பாலும் மேலே ஏற்றி, கீழ்ச்சுரங்களை நலிவாக்கும். அதை மட்டுமே போட்டு மாதக்கணக்கில் பழகியவர்கள், கழற்றியதும் ஒலி சிதறுவதைக் கண்டு திகைப்பார்கள். நாளில் ஒரு பத்து நிமிடம் திறந்த ஒலியில் வாசிக்க வீட்டாரிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ட்ரம்பெட்டை விட்டு யூஃபோனியத்துக்கு மாறிவிடலாமா? உதட்டுக்கு எளிதாமே?

எளிதுதான். ட்ரம்பெட் மவுத்பீஸின் உள்வட்டம் 16, 17 மில்லிமீட்டர். யூஃபோனியத்தில் அது 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உதட்டின் பெரிய பகுதி, மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் அதிர்கிறது. ட்ரம்பெட்டுக்கு உள்ளதுபோல் ட்ரெபிள் கிளெப் குறியில் எழுதிய நோட்டுக்கு விரல் வைப்பும் அப்படியே. ஒலிப்பது மட்டும் ஓர் எட்டாம் சுரம் கீழே. பல்லிலோ கண்ணிலோ சிக்கல் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. ட்ரம்பெட் கடினமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மூன்றாம் வாரத்திலேயே மாறுவதாக இருந்தால், முதற்கேள்வியின் விடையை இன்னொரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டியூனரில் பார்த்தால் என் சுருதி எப்போதும் ஏறியே இருக்கிறது. கருவியில் குறையா, என்னிடமா?

முதலில் டியூனிங் ஸ்லைடைப் பாருங்கள்; முழுக்க உள்ளே தள்ளியிருந்தால் எந்த ட்ரம்பெட்டும் ஏறித்தான் ஒலிக்கும், அரை அங்குலம் வெளியே இருப்பதே வழக்கம். டியூனர், ட்ரம்பெட் போன்ற B ஃபிளாட் கருவிக்கு உரிய பெயரைக் காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்: நீங்கள் C வாசித்தால் அது B ஃபிளாட் என்று காட்டும். கீழ் D, C ஷார்ப் ஆகிய இரண்டும் மட்டும் ஏறினால் குறை உங்களிடமும் இல்லை, கருவியிலும் இல்லை. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குழாய் நீளம் சற்றுப் போதாமல் போவது எல்லா வால்வுக் கருவிக்கும் பொது; மூன்றாம் ஸ்லைடை நீட்டி அதைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாச் சுரமும் ஏறினால் பெரும்பாலும் உதடு இறுகியிருக்கிறது. களைப்பு கூடக் கூடச் சுருதியும் ஏறுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கருவியின் வயதைக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை A சுரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு (A=452) என்ற அளவை ஒட்டிய உயர்சுருதியில் வாசித்தன; அதற்கென்று செய்த கருவி இன்றைய A=440-க்கு ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி ஏறி ஒலிக்கும். குழாயை நீட்டினாலன்றி அது இறங்காது. நீட்டினாலும் சுரங்களுக்கிடையிலான பொருத்தம் முழுதாக அமைவதில்லை. தாத்தாவின் கருவியை எடுப்பவர்கள் இதை முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது.

குழுவில் எப்போது சேரலாம்?

இருபது நிமிடம் ஓய்வோடு வாசித்து மறுநாள் உதடு சுகமாக இருக்கும் நிலை வந்ததும் சேரலாம். முழுத் தகுதிக்காகக் காத்திருக்க வேண்டாம். தனியாக இருந்தால் ஓய்வெடுக்க மறந்துவிடுவோம். குழுவில் மற்றவர் வாசிக்கும்போது ஓய்வு தானாகக் கிடைக்கிறது. மூன்றாம் அல்லது இரண்டாம் ட்ரம்பெட் இருக்கையைக் கேளுங்கள். முதல் இருக்கை தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். முடியாத வரியில் மவுத்பீஸை எடுத்துவிட்டு விரலை மட்டும் ஓட்டுவது ஒழுங்கான குழுக்களில் யாரும் குறையாக எண்ணாத வழக்கம்.

இரண்டு மாதம் நன்றாக வந்தது. இப்போது பின்னுக்குப் போகிறது. ஏன்?

பயிற்சி நேரத்தைக் கூட்டியிருப்பீர்கள், ஓய்வைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். ஒரு வாரம் முதல் மாத அளவுக்கே இறங்கி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுத்துப் பாருங்கள். வாசிப்பைப் பதிவு செய்து மாதத்துக்கொரு முறை மட்டும் கேளுங்கள். காது உதட்டைவிட வேகமாகக் கூர்மை பெறுவதால், முன்னேறும்போதே தேய்வதாகத் தோன்றும் காலம் ஒன்று உண்டு. இரண்டு வாரம் வெளியூர் போக நேர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. திரும்பியதும் முதல் மூன்று நாள் நடுஸ்தாயி மட்டும் போதும்.

வலியே இல்லை, களைப்பும் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் உதடு தானாகத் திறந்துகொள்கிறது. இது என்ன?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் இது பழைய உதட்டமைப்புக்கும் புதியதற்கும் இடையே நடக்கும் இழுபறிதான். ஆசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மவுத்பீஸ் இடம் மாறும் சுரம் அதுவே என்று கண்டுபிடித்துவிடுவார். மவுத்பீஸின் விளிம்பை மட்டும் ஒரு காம்பில் பொருத்திய சாதனத்தை உதட்டில் வைத்து அதிரச் செய்தால், உள்ளே நடப்பதைக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம்.

பேசும்போதும் உண்ணும்போதும் ஒன்றும் இல்லாமல், வாசிக்கும்போது மட்டும், ஒரே சுரத்திலோ ஒரே வகை ஒலித்தொடக்கத்திலோ உதடு கட்டுப்பாடின்றி நடுங்கினாலோ, திறந்தாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, அது வாரக்கணக்கில் மாறாமல் இருந்தாலோ, அதன் பெயர் குவிய டிஸ்டோனியா என்பதாக இருக்கக்கூடும். அது தசையின் வலுக்குறைவு அன்று, மூளை தசைக்கு இடும் கட்டளையில் நேரும் குழப்பம். அதனால் கூடுதல் பயிற்சி அதைத் தீர்க்காமல் வேரூன்றச் செய்யும். இசைக்கலைஞர்களைப் பார்த்துப் பழகிய நரம்பியல் மருத்துவரிடம், அந்தச் சுரத்தை வாசிக்கும் காணொளியோடும் கருவியோடும் செல்லுங்கள். அதுவரை அந்தச் சுரத்தைச் சுற்றி வாசிக்காதீர்கள்.